ஏழுமலை எங்கள் பெஞ்சில் வந்து உட்கார்ந்தான்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உடற்கல்வி இயக்குநர்களே, உங்கள் நியமன ஆணையில் பதவிப் பெயர் கம்பீரமாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். காலேஜுக்குள் நீங்கள் வெறும் பி.டி. மாஸ்டர். கொடிக்கம்பத்தில் கயிறு சிக்கினால் உங்களைத்தான் தேடுவார்கள். ஆண்டு விழாவுக்கு நாற்காலி போடுவதும் நீங்கள்தான். இதற்கெல்லாம் கோபப்பட ஆரம்பித்தால் ஓய்வு பெறும் வரை கோபப்பட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். நான் அப்படித்தான் இருந்தேன். ரத்தக்கொதிப்பு ஒன்றுதான் மிச்சம்.

போன மாதம் உங்களில் சிலர் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தீர்கள். வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே புலம்பல். பக்கத்துக் காலேஜ்காரன் ஃபீஸ் வேண்டாம், ஹாஸ்டல் இலவசம், கைச்செலவுக்கும் தருகிறேன் என்று பையனைத் தூக்கிக்கொண்டு போகிறான். கிளப்காரன் செமஸ்டர் நடுவில் வந்து ஒப்பந்தம் பேசுகிறான். யார் எந்தக் காலேஜுக்கு ஆடலாம் என்ற விதி வருஷத்துக்கு ஒரு தரம் மாறுகிறது. "காலேஜ் ஃபுட்பால் கெட்டுப்போச்சு சார்" என்று ஒருவர் முடித்தே வைத்துவிட்டார். விருந்தாளியிடம் சண்டை போடக்கூடாது என்று என் மனைவி கண்ணைக் காட்டியதால் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். இங்கே அவள் இல்லை. அதனால் சொல்கிறேன்: ஒன்றும் கெட்டுப்போகவில்லை. பணமும் புது விதியும் இன்றைக்கு வந்தவை அல்ல. எங்கள் பக்கம் அவை இரண்டும் கைகோத்துக்கொண்டு வந்தது தொண்ணூற்றியொன்றில். அந்த வருஷம் நான் பார்த்த ஒரு காரியத்தை வைத்துத்தான் இத்தனை காலமும் இந்த விளையாட்டின் மேல் எனக்கு மரியாதை குறையாமல் இருக்கிறது.

அப்போது நான் குன்றத்தூர் பக்கம் அரசு உதவி பெறும் ஒரு கலைக் கல்லூரியில் இருந்தேன். என் டீமில் முக்கால்வாசிப் பேர் அறுவடை முடிந்த வயலில் பந்து விளையாடி வளர்ந்தவர்கள். பூட்ஸ் போட்டால் ஓட வராது. கழற்றிப் போட்டால் பிடிக்க முடியாது. அவர்களில் ஏழுமலை என்று ஒருவன். பிள்ளைப்பாக்கத்தான், பி.காம். முதல் வருஷம் முடிக்கிற சமயம். பந்து அவன் காலுக்கு வந்துவிட்டால் எதிரணி மாஸ்டர்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நானே செய்து வைத்ததுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொள்வேன். உண்மையில் அவனுக்கு நான் எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை, நேரத்துக்கு வரச்சொல்லித் திட்டியதைத் தவிர.

கேப்டன் லூர்து. ஏழுமலைக்கு ஒரு வருஷம் சீனியர். அதே பஸ் தடத்தில் இரண்டு ஸ்டாப் தள்ளி அவன் ஊர். கோலுக்கு முன்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரன், அதிகம் பேச மாட்டான். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே டிபன் பாக்ஸில் தின்று, ஒரே பஸ்ஸில் திரும்புவார்கள். பாக்ஸ் பெரும்பாலும் லூர்துவுடையது.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான் பெங்களூர் ரோட்டுப் பக்கம் ஒரு டிரஸ்ட் புதுக் காலேஜ் ஆரம்பித்திருந்தது. நிலம் விற்ற பணம், நிலம் வாங்கிய பணம் எல்லாம் அப்போது எங்கள் பக்கம் புழங்கத் தொடங்கியிருந்த நேரம். அந்தத் தாளாளருக்குக் காலேஜ் பெயர் சீக்கிரம் பரவ வேண்டும். அதற்கு ரிசல்ட்டை நம்பினால் மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும், கால்பந்தை நம்பினால் மூன்று மாதம் போதும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவர் எங்கள் மண்டலக் கமிட்டிக்கு வந்து, போட்டிச் செலவு முழுவதும் தன்னுடையது என்றார். அதுவரை எங்கள் ஃபைனல்கூட கோல் கம்பத்தில் வலை இல்லாமல்தான் நடக்கும். பந்து கம்பத்துக்கு உள்ளே போனதா வெளியே போனதா என்று ஊரே கட்டிப் புரளும். வலை கொடுக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் வேண்டாம் என்பீர்களா?

பதிலுக்கு அவர் ஒன்று கேட்டார். காலேஜ் மாறிய பையன் ஒரு வருஷம் ஆடாமல் வெளியே உட்கார வேண்டும் என்று பழைய விதி ஒன்று இருந்தது. அதை எடுத்துவிட வேண்டும் என்றார். எடுத்தோம். நானும் கை தூக்கினேன். இன்றைக்குக் கேட்டாலும் தூக்குவேன். அந்த விதி தண்டித்தது காலேஜை அல்ல, பையனை.

விதி மாறிய அதே மாதம் ஏழுமலை என் அறை வாசலில் வந்து நின்றான்.

"சார், நான் புது காலேஜுக்குப் போறேன் சார்."

"யார் சொன்னது?"

"நான்தான் சார் சொல்றேன். ஃபீஸ் இல்லயாம். ஹாஸ்டல்ல மூணு வேள சோறு, தெனம் முட்ட. வூட்ல ரெண்டு வேளைக்கே இழுத்துகினு கீது சார். இங்கயே இருந்தா இந்த வருசம் ஃபீஸு கட்ட முடியாது. நின்னுடுவேன்."

ஓடிப்போயிருக்கலாம். ஆள் வைத்துச் சொல்லியிருக்கலாம். என் கோபம் ஊரறிந்தது. அப்படியிருந்தும் நேரில் வந்து கண்ணைப் பார்த்துச் சொன்னான் பாருங்கள், அது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததைக் காட்டிக்கொள்ளாமல், "போய்த் தொலை, பூட்ஸ் லேஸை ஒழுங்காகக் கட்டு" என்று அனுப்பினேன். லூர்து அவன் டிரங்குப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு போய்ப் புது ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தான்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் கிராமங்களில் பொங்கல் சமயத்தில் செவன்ஸ் டோர்னமென்ட் நடக்கும், அணிக்கு ஏழு பேர். ஒவ்வொரு ஊரும் வெளியூரிலிருந்து நல்ல ஆட்டக்காரர்கள் ஒன்றிரண்டு பேரைக் கூட்டி வரும். அவனுக்குப் பெயர் கெஸ்ட். பஸ் காசு கொடுத்து, பரோட்டா வாங்கிக் கொடுத்து, ராஜா மாதிரி வைத்திருப்பார்கள். ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. சீட்டுக் குலுக்கியதில் அவன் சொந்த ஊரோடு மோத நேர்ந்தால் கெஸ்ட் ஆடமாட்டான். பூட்ஸைக் கழற்றிவிட்டு, எழுந்து போய்த் தன் ஊர்ப் பக்கம் உட்கார்ந்துகொள்வான். கூட்டி வந்த ஊரும் ஒரு வார்த்தை கேட்காது. இது எங்கேயும் எழுதப்படவில்லை. எழுதாததாலேயே யாரும் மீறியதும் இல்லை.

நான் படித்த விளையாட்டு விதிகளில் இது கிடையாது. அதனால் எனக்கு இது நினைவுக்கே வரவில்லை.

ஃபைனல் எங்களுக்கும் புதுக் காலேஜுக்கும்தான் வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஸ்கூல் மைதானம். அந்த ஆண்டு மே மாதம் குண்டு வெடித்து அந்த ஊர்ப் பெயர் உலகம் முழுக்கத் தெரிந்துபோன விதம் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகு நாலு பேர் கூடினாலே போலீஸ் வந்து நிற்கும். மேட்ச் குறித்த நேரத்தில் ஆரம்பிக்க வேண்டும், வெளிச்சம் இருக்கும்போதே கூட்டம் கலைய வேண்டும், தாமதம் என்றால் ரத்து என்று இன்ஸ்பெக்டர் முன்பே சொல்லிவிட்டார். தாளாளர் பக்கத்து நாற்காலியில், அந்தப் பக்கம் புதிதாக ஷெட் போட்டுக்கொண்டிருந்த ஒரு கம்பெனியின் அதிகாரி உட்கார்ந்திருந்தார். ஜெயிக்கிற டீமின் கடைசி வருஷப் பையன்களைக் கம்பெனி டீமுக்கு டிரெயினியாக எடுப்பதாகப் பேச்சு. லூர்து கடைசி வருஷம். அவன் வீட்டில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத்தான் வந்திருந்தான்.

ரெஃபரி விசிலைக் கையில் எடுத்த நேரம். எங்கள் பையன்கள் இன்னும் பெஞ்சிலிருந்து எழவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து ஏழுமலை, புதுக் காலேஜின் மஞ்சள் ஜெர்ஸியோடு, பூட்ஸைக் கழற்றிக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு மைதானத்தின் நடுவாகவே நடந்து வந்தான். நேராக எங்கள் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தான். லூர்துதான் முதலில் நகர்ந்து இடம் விட்டான். ஒருவன் தண்ணீர் டம்ளரை நீட்டினான். சுற்றி நின்ற கிராமத்துக் கூட்டம் கைதட்டி விசிலடித்தது. அவர்களுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை.

"என்னடா இது?"

"நான் அங்க கெஸ்ட்டுதானே சார்" என்றான் ஏழுமலை, பஸ் வந்துவிட்டது என்று சொல்வதுபோல. "நம்ம காலேஜுக்கு எதிரா எப்டி ஆடறது?"

பையன் இத்தனை மாதமும் தன்னைக் கெஸ்ட் என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். முட்டையும் ஹாஸ்டலும் கொஞ்சம் பெரிய பரோட்டா, அவ்வளவுதான். கூட்டி வந்தவர்களுக்கும் இது தெரியும் என்று முழுசாக நம்பியிருக்கிறான்.

நான் தாளாளரிடம் ஓடினேன். வழக்கத்தை விளக்கினேன். "ஒரே ஒரு மேட்ச் சார், விட்டுடுங்க" என்றேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எனக்கு அது சுலபம்.

"மாஸ்டர், உங்களுக்கு இது ஒரு மேட்ச். இன்னைக்கு இவன விட்டா நாளைக்கு நான் சேத்த அத்தன பேரும் ஆளுக்கொரு பெஞ்சுல போய் உக்காருவான். நான் காலேஜ் நடத்தறதா, சத்திரம் நடத்தறதா? ஆடலன்னா சாயங்காலமே ஹாஸ்டல காலி பண்ணட்டும். ஃப்ரீ சீட்டும் கெடையாது."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் கஷ்டமே. நடுவில் ஒரு முறை காலேஜ் மாறியவன் மறுபடி மாற முடியாது. அங்கே சீட் போனால் படிப்பே போயிற்று. எங்களிடம் திரும்பவும் வழியில்லை. ஏழுமலை அந்தப் பெஞ்சிலிருந்து எழுந்தால் பி.காம்.; எழாவிட்டால் பிள்ளைப்பாக்கத்தில் கூலி வேலை.

திரும்பி வந்து லூர்துவைத் தனியாக இழுத்து விஷயத்தைச் சொன்னேன். பிறகு ஏழுமலையிடம் போய், போடா, ஆடுடா, புது விதிப்படி நீ ஆடலாம், ஆடாவிட்டால் சீட் போய்விடும் என்று எடுத்துச் சொன்னேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவன் சிரித்தான்.

"ரூலு சரி சார். லூர்து எதிர்ல நிக்கறானே. அவங்கிட்டேந்து பந்த புடுங்கிகினு போனா ஊர்ல எவன் சார் என் மூஞ்சில முழிப்பான்? சீட்டு போனா போவட்டும்."

அன்றைக்கு அவனுக்கு இருந்த துணிவு எனக்கு எந்த வயதிலும் இருந்ததில்லை. ஆனால் அந்தத் துணிவு அவனைத் தெருவில் நிறுத்தப்போகிறது. இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

அப்போதுதான் லூர்து பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்றான்.

"டேய், எழுந்திரு. இது எங்க பெஞ்சு."

ஏழுமலை நிமிர்ந்தான். "இன்னாடா, வெளாடுறியா?"

"யாருடா வெளாடுறா? ஜூன் மாசமே எங்க காலேஜ் வாணாம்னு போனவன்தானே நீ? தெனம் முட்ட துன்னுட்டு இங்க வந்து எங்க தண்ணிய குடிக்கிற. வெக்கமா இல்ல?"

"நான் அங்க கெஸ்ட்டுடா…"

"அங்க இல்லடா. இங்கதான் நீ கெஸ்ட்டு. உன் ஆளுங்க அதோ கீறாங்க பாரு. போ."

சொல்லிவிட்டு ஏழுமலை கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கித் தண்ணீரைத் தரையில் கொட்டினான். எங்கள் பையன்களே, "டேய் லூர்து, இன்னாடா இப்டி?" என்று எழுந்துவிட்டார்கள். ஏழுமலை முகத்தைப் பார்க்க முடியவில்லை. எழுந்து நடந்தான். பாதி மைதானத்தில், நடு வட்டத்துக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்து பூட்ஸ் மாட்ட ஆரம்பித்தான்.

எனக்கு வந்த கோபத்தில் லூர்துவை அறையக் கை ஓங்கிவிட்டேன். சோற்றுக்காகப் போனவனைச் சோற்றைச் சொல்லித் திட்டுகிறானே! லூர்து மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். என் கையைப் பார்த்தும் நகரவில்லை. மெதுவாகக் கேட்டான்:

"பூட்ஸு மாட்டறானா சார்?"

காலி டம்ளரை அவன் இன்னும் கீழே வைக்கவில்லை. ஓங்கிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் அவன் தோளில் போட்டேன்.

"மாட்டறான்."

"அப்ப சரி சார்" என்றான். முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான்.

புரிகிறதா உங்களுக்கு? சொந்த ஆளுக்கு எதிராக ஆடக்கூடாது என்பது வழக்கம். அந்த வழக்கத்தை உடைக்கச் சொன்னால் ஏழுமலை உடைக்கமாட்டான். தாளாளராலும் முடியவில்லை, கமிட்டி விதியாலும் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. லூர்து அந்த வழக்கத்தைத் தொடவேயில்லை. சொந்த ஆள் என்பதை மட்டும் வெட்டிவிட்டான். இருபது வயதுப் பையனுக்கு, விசில் ஊதுவதற்குள், இது எப்படித் தோன்றியது என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

லூர்து ஆட்டத்தில் விட்டுக்கொடுத்தானா என்று கேட்காதீர்கள். கேட்டால் அடிக்க வருவேன். உயிரைக் கொடுத்து ஆடினான். ஏழுமலை வெறி பிடித்து ஆடினான். அப்படி ஒரு ஆட்டத்தை அவன் எங்களுக்காக ஆடியதே இல்லை. லூர்துவின் கணுக்காலில் இரண்டு தரம் வேண்டுமென்றே உதைத்தான். லூர்து ரெஃபரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் லூர்துவைத் தாண்டித்தான் ஏழுமலை அந்த ஒரே கோலைப் போட்டான். பந்து வலையில் விழுந்தது தெளிவாகத் தெரிந்தது, சண்டைக்கு இடமே இல்லை. தாளாளர் வாங்கிக் கொடுத்த வலை. தோற்றோம். கம்பெனி அதிகாரி மஞ்சள் ஜெர்ஸிக்காரர்களிடம் பெயர் கேட்டுக்கொண்டு போனார்.

கூட்டம் கலைந்ததும் லூர்துவிடம் போனேன். வீங்கிய கணுக்காலில் ஈரத்துணி சுற்றிக்கொண்டிருந்தான். "இரு, நான் போய் அவன்கிட்ட விஷயத்தைச் சொல்லிடறேன்" என்றேன்.

"சொல்லிடாதீங்க சார்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். "சொன்னீங்கன்னா அடுத்த வருசம் நம்ம காலேஜோட மேட்ச் வர்றப்போ மறுபடியும் பூட்ஸ கழட்டிடுவான். டிகிரி முடியற வரிக்கும் என்னத் திட்டிகினே இருக்கட்டும்."

என் வாயில் ரகசியம் தங்காது என்று என் மனைவி சொல்வாள். இது தங்கியது. அடுத்த வருஷமும் ஏழுமலை எங்களுக்கு எதிராக ஆடினான். எங்கள் பெஞ்சுப் பக்கம் திரும்பவில்லை. லூர்து அதற்குள் டிகிரி முடித்து, குன்றத்தூரில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்துவிட்டான். அவனுக்கு நான் வேறு இடங்களில் சொல்லிப் பார்த்தேன், உடனே எதுவும் அமையவில்லை. அதைப் பற்றி அவன் என்னிடம் ஒரு நாளும் குறைபட்டுக்கொண்டதில்லை.

நீங்களும் நாளைக்குக் கமிட்டியில் உட்காருவீர்கள். விதியை மாற்றக் கை தூக்குவீர்கள். தூக்குங்கள், தப்பில்லை. பணம் கொடுப்பவரைத் திருடன் என்று நினைக்காதீர்கள், பசித்த பையனுக்கு அவர் போடும் முட்டை உண்மையான முட்டைதான். ஒன்றை மட்டும் செய்யுங்கள். கை தூக்குவதற்கு முன்னால் மைதானத்துக்குப் போய், பையன்கள் தங்களுக்குள் என்ன கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். நம் விதி ஒரு மீட்டிங்கில் மாறிவிடும். அவர்களுடையது அப்படி மாறாது. இரண்டுக்கும் நடுவில் மாட்டுகிறவன் கமிட்டியில் இருக்கமாட்டான், ஆடிக்கொண்டிருப்பான். நான் அன்றைக்குக் கேட்டிருந்தால், மாறி வந்தவன் பழைய காலேஜோடு மட்டும் ஆட வேண்டியதில்லை என்று ஒரு வரி சேர்த்திருப்போம். அடுத்த கமிட்டியில் சேர்க்கச் சொன்னேன். இது என்ன கிராமத்துக் கதை என்று சிரித்துவிட்டார்கள்.

ஏழுமலை பி.காம். பாஸ் செய்த செய்தி வந்த அன்று நான் பிள்ளைப்பாக்கத்துக்குப் போனேன். வீட்டில் எனக்கு நாற்காலி போட்டு, கலர் சோடா வாங்கி வைத்தார்கள். அவன் சட்டையில்லாமல், ஈரத் தலையோடு என் முன்னால் நின்றுகொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். டம்ளரைக் கீழே வைக்காமல் நின்றதைச் சொன்னேன், பூட்ஸ் மாட்டறானா என்று கேட்டதைச் சொன்னேன், சொல்லாதீங்க என்று கையைப் பிடித்ததைச் சொன்னேன்.

"சார், சனிக்கெழம சனிக்கெழம நான் வூட்டுக்கு வர்ற பஸ்லதான் சார் அவனும் வருவான்" என்றான். "பக்கத்து சீட்டு காலியாவே வச்சிருப்பான். மேல துண்டு போட்டு வச்சிருப்பான் சார். நான் கம்பிய புடிச்சிகினு நின்னுகினே வந்தேன். ரெண்டு வருசமா சார்."

கொடியில் கிடந்த சட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டான். பட்டன்கூடப் போடவில்லை. "சோடா குடிங்க சார், வந்துடறேன்" என்று தெருவில் இறங்கினான். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறதே என்று அவன் அம்மா கூப்பிட்டுச் சொன்னாள். அவன் ஓடிக்கொண்டிருந்தான்.